பத்திரிகையின் கடைசி இரண்டு வரிகள்

அன்பு மகள் கலைக்கு,

போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். உங்கள் ஆலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். "நீங்க எப்டிப்பா பேப்பர இவ்ளோ நேரா வெட்றீங்க, அத ஒரு நாலு பக்கம் எழுதி அனுப்புங்க" என்றாய். உன் அம்மாவிடம் சொன்னேன். "பேசறதுக்கே உங்களுக்கு வாய் வராது, இதுல எழுதப் போறீங்களா" என்றாள். அந்த ரோஷத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தாண்டவில்லை. எந்த விதியை எழுதினாலும் நான் வெட்டிய ஒரே ஒரு வெட்டுதான் நினைவுக்கு வந்து நின்றது. ஆகவே இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கும். முதலாவது நீ கேட்டது. இரண்டாவது நீ கேட்காதது. கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு. இதை மட்டும் தயவுசெய்து வரிசையாகப் படி. படித்து முடித்ததும் மாப்பிள்ளைக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. ஒளித்து வைக்கிற கடிதம் இல்லை இது. உன் அம்மா ஏற்கெனவே படித்துவிட்டாள்.

உங்கள் மெஷினும் என் மெஷினும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் வழி வேறு. உங்கள் ஆலையில் தாள் ஓடுகிறது. ஆள் உயர உருளையிலிருந்து கிளம்பி, மேலே ஒரு வட்டக் கத்தி கீழே ஒரு வட்டக் கத்தி என்று கத்தரிக்கோல் போல உரசிக்கொண்டு சுற்றுகிற இரண்டுக்கும் நடுவே போய், பட்டை பட்டையாகப் பிரிந்து வருகிறது. தாள் விறைப்பாக இருக்கும்வரை கோடு நேராக வரும், கொஞ்சம் தொய்ந்தால் கோடு அலைந்துவிடும் என்று நீ சொன்னாய். உன் கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாயே, அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஓடுகிற ஒன்றை நேராக வெட்டுகிறாள் என் மகள் என்று எனக்குள் ஒரே பெருமை. என் மெஷினில் தாள் நிற்கும், கத்திதான் இறங்கி வரும். செங்கம் ரோட்டில் எங்கள் பிரஸ்ஸில் முப்பது வருடமாக அந்தக் கத்திக்கு முன்னால்தான் நிற்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நேராக வெட்டுவதில் முக்கால்வாசி வேலை கத்தி இறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கட்டுப் பிரித்த தாளை அப்படியே மெஷினில் வைக்கக் கூடாது. ஓரத்தைப் பிடித்து விசிறிவிட்டு, காற்றுப் புக விட்டு, பிறகு மேஜையில் தட்டித் தட்டி ஒரே ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தட்டி முடித்ததும் உள்ளங்கையால் அழுத்தி அதே காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் அடுக்கு பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும், வெட்டும்போது நழுவும். தாள் முட்டி நிற்க மெஷினுக்குப் பின்பக்கம் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைக் கேஜ் என்போம். அச்சடிக்கும்போது தாளின் எந்த மூலையை வைத்து அடித்தார்களோ, வெட்டும்போதும் அதே மூலைதான் கேஜில் முட்ட வேண்டும். மூலையை மாற்றினால் எழுத்து ஒரு பக்கம் சாயும், ஓரம் ஒரு பக்கம் சாயும். பிறகு அச்சடித்தவனும் வெட்டினவனும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கும். கார்த்திகை தீபத்து நேரத்தில் வந்து இறங்குகிற தாளை ஒரு நாளாவது பிரஸ்ஸுக்குள் கட்டுப் பிரிக்காமல் வைத்திருந்து அதன் பிறகுதான் தொடுவேன். அவசரப்படுகிற பார்ட்டிகள் திட்டுவார்கள். திட்டட்டும்.

கத்தி நேர் கீழே இறங்காது. சாய்ந்து, கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இறங்கும். அருவாமனையில் வெண்டைக்காயை வெறுமனே அழுத்தினால் நசுங்கும், இழுத்தால்தான் வெட்டும், அதே கணக்குத்தான். கத்தி மழுங்கிப்போனால் வெட்டுவதற்கு முன்னால் தாளை இழுக்கும். அப்போது மேல் தாள் ஒரு அளவு, அடித்தாள் ஒரு அளவு என்று ஆகிவிடும். மேலிருந்து தாளை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் லேசாக இருந்தாலும் இதே கதிதான். இன்னொன்றையும் உன் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிவிடு. கத்தி இறங்க வேண்டுமென்றால் இடது கையால் ஒரு பட்டனும் வலது கையால் ஒரு பட்டனும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு கையால் அழுத்தினால் மெஷின் அசையாது. கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தெரியாமல் கை பட்டு வெட்டிவிட்டது என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்ல முடியாது.

வெட்டியது நேரா என்று கண்டுபிடிக்க ஸ்கேலைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அடுக்கிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பான் புதிதாக வந்தவன். ஓரம் சரியாக இருக்கும், திருப்தியாகிவிடுவான். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி கோணலாக இருந்தாலும் அப்படித்தான் கச்சிதமாகப் பொருந்தும். அதனால் ஒரு தாளை அப்படியே குப்புறப் புரட்டி இன்னொன்றின்மேல் வைக்க வேண்டும். அரை மில்லி கோணல் இருந்தால் ஒரு மில்லியாகத் தெரியும். இருக்கிற தப்பு இரட்டிப்பாகிக் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அளவு சரியாக இருக்கிறதா என்பதற்கு மேல் தாளையும் அடித்தாளையும் ஒத்துப் பார்த்தால் போதும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நாலு பக்கம் வரவில்லை, மன்னித்துக்கொள்.

இனி நீ கேட்காதது. உன் கல்யாணப் பத்திரிகையை நீயே எழுதினாய். கணபதி படம் வேண்டாம், மலை படம் போதும் என்று ஒற்றைக் கோட்டில் ஒரு மலை வரைந்து அனுப்பினாய். மலைக்கு மேலே நிறைய வெற்றிடம், நடுவில் உங்கள் இருவர் பெயர், தேதி, மண்டபம், பந்தி நேரம். இன்னார் மகன் இன்னார் மகள் என்பதெல்லாம் வழக்கமான இடத்தில் இல்லை. கீழே இரண்டு வரியில் நாங்கள், அதற்குக் கீழே கடைசி இரண்டு வரியில் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள். திரு. கோவிந்தன் – திருமதி. பச்சையம்மாள், அதற்கு அடுத்த வரியில் காலனி, அடி அண்ணாமலை. அந்தக் கடைசி வரியைப் படித்தால் அவர்கள் என்ன சாதி என்று நம் சொந்தக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உன் கல்யாணத்தில் மறுப்பு இருக்கவில்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதை அப்போதே சொன்னேன், அது பொய் இல்லை. ஆனால் ஊரிலிருந்து உன் பெரியப்பா போன் செய்தார். பையன் உன்னோடு வேலை பார்க்கிறான், இன்ஜினியர் என்று சொன்னேன். "அதெல்லாம் சரி, எந்த ஊரு, யாரு என்னானு ஒண்ணும் சொல்ல மாட்டன்றியே. பத்திரிகைய அனுப்பு, பாத்துட்டு வரதா வேணாமானு சொல்றேன்" என்றார். ஒரே அண்ணன். அவர் வராவிட்டால் ஊரில் பாதிப் பேர் வர மாட்டார்கள். மண்டபத்தில் நம் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடப்பதை நான் கண்ணை மூடினாலே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், பிரஸ்ஸுக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. நம் சொந்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். உன் சிநேகிதர்களுக்கும் அவர்கள் பக்கத்துக்கும் ஒதுக்கிய கட்டைத் தொடவில்லை. விசிறினேன், தட்டினேன், கேஜில் வைத்தேன். அடியில் இரண்டு விரல் அகலம். இரண்டு கையாலும்தான் அழுத்தினேன், கலை. வெட்டிய பிறகு பார்த்தால் எங்கள் பெயர் ஓரத்தை ஒட்டிக்கொண்டு நின்றது, பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். ஆகவே அடுக்கைத் திருப்பி வைத்து மேலேயும் அதே இரண்டு விரல் வெட்டினேன். மலைக்கு மேலே நீ விட்டிருந்த வெற்றிடம் போயிற்று. பத்திரிகை பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதிலிருந்து ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது என்று இந்த ஊரில் எந்த அச்சுக்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது. அதில் எனக்கு ஒரு கணம் திருப்தி கூட வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

உன் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். கவரில் போடும்போது, "இன்னாங்க இது, பத்திரிக கவருக்குள்ள லொடலொடனு ஆடுது" என்றாள். கவர் பெரிய சைஸாக வந்துவிட்டது என்றேன். அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கவருக்குள் போட்டு ஒட்டினாள். நான் பிழைத்தோம் என்று இருந்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? தன் பிறந்த வீட்டுப் பக்கத்துக்கு மட்டும் வெட்டாத கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு இது போன வாரம்தான் தெரியும். உன் மாமாக்கள் எல்லாம் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். வந்து, பந்தியில் பரிமாறினார்கள். உன் பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பக்கத்து நாற்காலியில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். கை நனைக்காமல் எழுந்து போனார். அவரோடு இரண்டு வண்டி ஆட்கள் போனார்கள். பெரியப்பாவுக்கு முதுகு வலி, அதனால் கிளம்பிவிட்டார் என்று உன்னிடம் நான் சொன்னது பொய். நான் வெட்டியது எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

இப்போது உனக்கு ஏழாவது மாதம். வளைகாப்புக்கு நாள் குறிக்க, போன பௌர்ணமிக்கு முந்தின நாள் பழத்தட்டோடு அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலம் வருகிறவர்களுக்காகப் போடும் பௌர்ணமி இட்லிக் கடைக்கு உன் மாமியார் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி வயலுக்குப் போயிருந்தார். வழக்கம் போலத் தெருப் பையன் ஒருவனிடம் கடையில் ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி வரச் சொல்ல எழுந்தார் அந்த அம்மாள். ஏன் பாட்டில் தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் டீ கொடுத்தாலும் "இப்பதான் குடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடையில் உடைத்த பாட்டிலை மட்டும் மறுத்ததில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டு, நான் மறுக்க முடியாததையே வாங்கித் தந்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல நிமிர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். உங்கள் கல்யாணப் பத்திரிகை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. முழுப் பத்திரிகை. மலைக்கு மேலே வானம் இருந்தது, கீழே கடைசி இரண்டு வரியும் இருந்தது.

"எம் பேரு அச்சுல வந்தது இதான் மொத தபா, அண்ணா" என்றார். நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். பிறகு கிரைண்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "ஒண்ணு கேக்கட்டுமா, கோச்சிக்க மாட்டீங்களே" என்றார். கேளுங்கள் என்றேன்.

"கல்யாணத்தன்னிக்கி உங்க பக்கத்துப் பெரியவர் ஒருத்தரு, கண்ணாடி எடுத்துக்கினு வரல போல, பந்தி எத்தினி மணிக்குனு பாத்து சொல்லுமானு பத்திரிகைய எங்கையில குடுத்தாரு. படிச்சி சொன்னேன். அப்புறம் சும்மா எம் பேரப் பாக்கலாம்னு கீழ பாத்தேன். இல்ல. சரி, அவங்களுக்கு வேற அடிச்சிருக்காங்க போலனு நெனச்சேன். எம் பைக்குள்ள ஒண்ணு இருந்துச்சி. அதும் மேல இத வெச்சிப் பாத்தேன். எழுத்து மேல எழுத்து அப்டியே ஒக்காந்துச்சி. மேலயும் கீழயும்தான் கம்மி. வெட்டுன எடம் அவ்ளோ நேரு. தெரிஞ்ச கைதான் வெட்டியிருக்குதுனு நெனச்சிக்கினேன்."

ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்திருக்கிறார். முப்பது வருடமாக நான் செய்கிற சோதனை. என் வேலையை இவ்வளவு சரியாக யாரும் சோதித்ததில்லை. "நான்தாம்மா வெட்னேன்" என்றேன். "தெரியும்ணா" என்றார். அதற்குமேல் அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாவை வழித்து அண்டாவில் போட்டுக்கொண்டே சொன்னார். "பசங்களுக்குத் தெரியாது. அவருக்கும் சொல்லல, மனசு ஒடஞ்சிடுவாரு. நான் கலைகிட்ட சொன்னா மாமியா மூட்டிவுட்டானு ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க. கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க." நான் டீ கேட்டேன். போட்டுக் கொடுத்தார், குடித்தேன். டீ குடித்ததைப் பெருமையாக எழுதவில்லை, ஒரு வருடம் குடிக்காததைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆலையில் ஓரத்தில் விழுகிற பட்டைகளை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்று சொன்னாய். எங்களிடம் சாக்குதான். ஆனால் அன்றைக்கு வெட்டி விழுந்த பட்டைகளைச் சாக்கில் போட எனக்குப் பயம். திங்கட்கிழமை வருகிறவன் யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? அதனால் பழுப்புக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவுக்கு மேலே போட்டேன். பக்தியால் காப்பாற்றி வைத்தேன் என்று நினைத்துவிடாதே, பயத்தால்தான். அடி அண்ணாமலையிலிருந்து திரும்பி வந்து அந்தக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பட்டையிலும் அதே இரண்டு வரி. கோவிந்தன், பச்சையம்மாள். கோவிந்தன், பச்சையம்மாள். உட்கார்ந்து அழுதேன். உன் அம்மா வந்து பார்த்தாள். "வெட்றப்ப வராத அழுக இப்ப வந்து இன்னா பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்.

நானும் உன் பெரியப்பாவும் ஊர்க்காரர்களும் இத்தனை வருடம் ஒருவர்மேல் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டு, ஓரம் சரியாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டோம். பெரியப்பாவைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவர் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு எழுந்து போனார். நான் சிரித்துக்கொண்டே வாசலில் நின்று பன்னீர் தெளித்தேன். வெட்டிய பத்திரிகை வாங்கிய எல்லா வீட்டுக்கும் நான் நேரில் போகப் போகிறேன். வளைகாப்புப் பத்திரிகையோடு இந்தப் பட்டையையும் கையில் கொடுத்து, "இது போன தடவை கொடுத்த பத்திரிகையில் இருந்தது, நான்தான் வெட்டினேன்" என்று சொல்லப் போகிறேன். உன் பெரியப்பா வீடுதான் முதலில். போகலாமா என்று உன் மாமியாரிடம் கேட்டேன், அது அவர் பெயர் இல்லையா. "ஒங்க வெக்கத்துக்கு எம் பேர எடுத்துக்கினு ஊர் ஊராப் போவாதீங்கண்ணா, சந்தோஷமா குடுக்கறதா இருந்தா குடுங்க" என்றார். அந்த வார்த்தையை மறக்காமல் போவேன்.

பெற்றவன் கடிதம் என்றால் நாலு புத்திமதி இருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுதான் தேறுகிறது. பயத்தில் செய்கிற காரியத்தைக் கை மிகச் சுத்தமாகச் செய்யும். உன் கை எதையாவது அப்படிச் சுத்தமாகச் செய்து முடித்து, கொஞ்சம் திருப்தியும் வந்தால், அன்றைக்கு அதை ஒரு தடவை புரட்டிப் போட்டுப் பார்த்துவிடு.

வளைகாப்பை நம் வீட்டில் வைத்து, அப்படியே உன்னைப் பிரசவத்துக்கு வைத்துக்கொள்வதாகப் பேச்சு. உன் அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. உன் அம்மா பழைய வேட்டியெல்லாம் துவைத்துக் கிழித்து வைத்திருக்கிறாள். ஆனால் இதைப் படித்த பிறகு, உன் மாமியார் பெயரை வெட்டியவன் வீட்டில் அவர் பேரப்பிள்ளை பிறக்க வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். மாப்பிள்ளைக்குத் தோன்றலாம். தோன்றினால் அது நியாயம். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மறைக்கவில்லை. வராவிட்டால் அம்மாவை அங்கே அனுப்பி வைக்கிறேன், அவள்மேல் எந்தத் தப்பும் கிடையாது.

வளைகாப்புப் பத்திரிகைக்குப் புரூப் போட்டுப் பார்த்தோம். பெயர்களை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மாதான் சொன்னாள், "அவங்க பேர நட்ட நடுவுல போடுங்க, எவன் வெட்டினாலும் பத்திரிகையே இல்லாம போவட்டும்" என்று. அப்படியே போட்டிருக்கிறது. கோவிந்தன் – பச்சையம்மாள், காலனி, அடி அண்ணாமலை. மலை மேலே இருக்கிறது, நம் பெயர் அடியில் சின்னதாக இருக்கிறது. தேதி போட்டாயிற்று, நேரம் போட்டாயிற்று. இடம் என்று போட்டு, அதற்கு எதிரே மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

உன் அப்பா